செயினுக்குப் போட்ட நல்லெண்ணெய்

என் தம்பி அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்ட காலத்தில், நான் கொழும்பில் வெள்ளவத்தை முழுக்கப் பொய் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோயிலில் கேட்டவர்களிடம் அவன் கனடாவுக்குப் போக அலுவல் பார்க்கிறான் என்றேன். மீன்காரரிடம் டெங்கு என்றேன். அடுத்த கிழமை அதே மீன்காரரிடம் கனடா என்று சொல்லி மாட்டிக்கொண்டேன். உண்மை இதுதான்: இரத்மலானையில் அவன் தையல் மெஷின் திருத்திக்கொண்டிருந்த தொழிற்சாலையை இழுத்து மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மனைவியும் பிரிந்து போனாள். கொட்டாஞ்சேனையில் ஒரு வாடகை அறையில் தின்னாமல் குடிக்காமல் கிடந்தவனை நான்தான் என் ஃபிளாட்டுக்கு இழுத்து வந்தேன். ஒரு பையோடு வந்தான். படுத்தான். அதற்குப் பிறகு கதைக்கவில்லை.

தட்டைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு வாய் சாப்பிடுவான், வைக்காவிட்டால் கேட்கமாட்டான். டொக்டர் மருந்து தந்து, பொறுமையாக இருக்கச் சொன்னார். பொறுமை என்ற சாமானே என்னிடம் கிடையாது. காலி வீதியில் ஒரு மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்று ஆட்களோடு சிடுசிடுத்துவிட்டு வருகிறவள் நான். ஆனாலும் அவனைக் கத்திப் பேசப் பயமாக இருந்தது. அவன் செத்துப்போய்விடுவான் என்ற பயம். வேலைக்குப் போகும்போதும் அதே பயம், திரும்பிவந்து கதவில் திறப்பைப் போடும்போதும் அதே பயம். அவனுடைய அறைத் தாழ்ப்பாளை ஸ்குரூ டிரைவரால் கழற்றிக் குப்பையில் போட்டேன். மாத்திரைகள், கத்திகள், குசினியில் இருந்த மண்ணெண்ணெய்ப் போத்தல் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, கீழ்வீட்டு அன்ரியிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"என்ன பிள்ளை இது?" என்று கேட்டா.

"கரப்பான் மருந்து அடிக்கப் போறன் அன்ரி. இதுகள் கொஞ்ச நாளைக்கு உங்களிட்டை இருக்கட்டும்."

அன்ரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. வேறொன்றும் கேட்காமல் வாங்கி வைத்தா.

சைக்கிள் ஒன்றைத் தேடி நான் போகவில்லை. ஒருகொடவத்தை யார்ட்டுகளில் ஜப்பானிலிருந்து கொள்கலனில் வரும் பழைய சாமான்கள் மலிவு என்று கேள்விப்பட்டு, ஒரு மின்விசிறி வாங்கப் போயிருந்தேன். உடைந்த கதிரைகளுக்குப் பின்னால் கரும்பச்சை நிறத்தில் ஒரு மவுண்டன் பைக் சாய்ந்து கிடந்தது. தம்பி முதல் சம்பளத்தில் வாங்கிய சைக்கிளும் இதே மாதிரிதான். அதில்தான் அவன் வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு மழையென்றும் வெயிலென்றும் பாராமல் போய் வந்தான். பிறகு யாரோ களவெடுத்துப் போனார்கள். நான் பார்த்துக்கொண்டே நிற்கிறதைக் கண்ட யார்ட்காரன், சைக்கிளைக் கையால் தட்டி, "அக்கே, மேக்க யக்கட" என்று சிங்களத்தில் சொன்னான், இது இரும்பு என்று. அது எனக்கும் தெரியும். தம்பி என் காது புளிக்கப் புளிக்கச் சொன்ன விஷயம் அது.

அழகான சைக்கிள் என்று யாரும் அதைச் சொல்லமாட்டார்கள். தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியது. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. ஹாண்டிலில் பெருவிரலால் தள்ளுகிற கியர் நெம்புகோல். டயர் வெடித்து, கம்பியெல்லாம் கறள் பிடித்திருந்தது. ஆனால் குழாய்கள் சேருமிடத்தில் ஒட்டு எவ்வளவு மெல்லியதாக, சுத்தமாக இருந்தது! தம்பி முன்பு அந்த இடத்தைத்தான் விரலால் தடவிக் காட்டுவான். "இரும்பு நல்ல சாமான் அக்கா. வளையும், கிறீச்சிடும், சொல்லிப்போட்டுத்தான் உடையும். அலுமினியம் சொல்லாமல் உடையும்." அப்படிச் சொன்னவன்தான் இப்போது ஒரு சொல்லும் சொல்லாமல் கிடக்கிறான் என்று நினைத்தபோது, அந்த யார்ட்டிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. யார்ட்காரன் பயந்துபோய் மின்விசிறியின் விலையைக் குறைத்தான். நான் மின்விசிறியை விட்டுவிட்டுச் சைக்கிளை வாங்கினேன்.

அதை ஒரு த்ரீவீலரின் பின்பக்கம் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்து, மாடிப்படியில் முட்டி மோதித் தூக்கி, தம்பியின் அறை வாசலுக்கு நேரே தலைகீழாக நிறுத்தினேன். "இந்தா, உன்ரை சைக்கிள் மாதிரி ஒண்டு" என்றேன். அவன் திரும்பவில்லை. சரி, நானே திருத்துகிறேன் என்று ஸ்பானரோடு உட்கார்ந்தேன். எனக்குச் சைக்கிளைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

முதலில் பெடலைக் கழற்றப் பார்த்தேன். வலது பக்கம் கழன்றது. இடது பக்கம் அசையவே இல்லை. காலால் மிதித்தேன், ஸ்பானரில் ஏறி நின்றேன், யார்ட்காரனையும் ஜப்பானையும் திட்டினேன். அந்த நேரம் அறைக்குள்ளிருந்து, தொண்டை அடைத்த ஒரு குரல் வந்தது.

"மற்றப் பக்கம்."

ஸ்பானரிலிருந்து இறங்கினேன். "என்ன?"

"இடது பெடல் மற்றப் பக்கம் சுத்தோணும்."

சுற்றினேன். கழன்றது. பெடலைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடி அழுதேன். அத்தனை நாளில் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அன்றிலிருந்து வேண்டுமென்றே பிழை செய்யத் தொடங்கினேன். பிழையைக் கண்டால் அவனால் சும்மா இருக்க முடியாது, சின்ன வயதிலிருந்தே அப்படி. பிரேக் கட்டையைத் தலைகீழாக மாட்டினேன். டயரைப் பின்பக்கமாக உருளுகிற மாதிரிப் போட்டேன். "இது சரிதானே?" என்று உரக்கக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. என் கள்ளத்தனம் அவனுக்கு விளங்கிவிட்டதோ, அல்லது அந்தப் பெடலோடு அவனிடம் மிச்சமிருந்த பேச்சும் முடிந்துபோனதோ, எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, அந்த வாசலில் ஒரு விசரி மாதிரி இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கறள் போன இடத்தில் பச்சை தெரிந்தது. கட்டிலில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

ஒரு பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது பிரேக் கட்டை நேராக இருந்தது. டயரும் சரியான பக்கம் திரும்பியிருந்தது. கியர் கேபிள் இழுத்துக் கட்டியிருந்தது. அவன் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக் கிடந்தான், நகக்கண்ணில் மட்டும் கறுப்பு. குசினிக்குப் போய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் கும்பிட்டுவிட்டுத் தேத்தண்ணி வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை சாமி விளக்கு அணைந்ததும், மிஞ்சிய நல்லெண்ணெயைக் கொண்டுபோய்ச் செயினில் ஊற்றினேன். இது கள்ளப் பிழை இல்லை, மனதறிந்து நல்லதென்று செய்தது. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கிறீசும் இல்லை, மெஷின் எண்ணெயும் இல்லை. அப்பா ஒவ்வொரு வெள்ளியும் சாமி விளக்கில் மிஞ்சியதைத்தான் தன் சைக்கிளுக்கு விடுவார். சாமி எண்ணெய் ஆளைக் கொண்டுபோய் வீட்டில் சேர்க்கும் என்பது அவருடைய கணக்கு. நானும் அதை நினைத்து, கிண்ணத்தை அப்படியே கவிழ்த்துவிட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மத்தியானம் கடையிலிருந்து வந்தபோது ஃபிளாட் கதவு திறந்திருந்தது. கட்டில் காலி. சைக்கிளைக் காணவில்லை. அவனுடைய ஃபோன் தலையணையில் இருந்தது, செருப்பு வாசலில் இருந்தது.

எங்கள் ஒழுங்கை நேரே கடலுக்கு இறங்குகிறது. கடலுக்கு முன்னால் ரயில் பாதை. வீட்டைப் பூட்டவும் தோன்றாமல் ஓடினேன். என் செருப்பு ஒன்று கழன்று எங்கோ போயிற்று. ஓட ஓட அவனைத் திட்டினேன், இந்தச் சைக்கிளைக் கொண்டுவந்து கொடுத்த என்னையும் திட்டினேன். கால் முளைத்தது மாதிரி அவன் எழும்பிப் போவதற்கு நான்தானே வழி செய்து கொடுத்தேன்? கடலோரம் மெரீன் டிரைவ் வீதியில் வாகனங்கள் விடாமல் போய்க்கொண்டிருந்தன. அந்தப் பக்கம் ரயில் ஹோர்ன் அடித்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து போகிற வரைக்கும், வாகனங்கள் மறைத்ததில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ரயில் போனது, நான் வீதியைக் கடந்தேன். பாதைக்கு இந்தப் பக்கம், மணலில், தம்பி குந்தியிருந்தான். சைக்கிள் தலைகீழாக நின்றது. அவன் கை முழங்கை வரை கறுப்பு.

பக்கத்தில் போய் அவன் முதுகில் ஓங்கி அடித்தேன். "விசரா! விசரா!" என்று கத்திக் கத்தி அடித்தேன். அவன் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்த பிறகு தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, இதுக்கு நல்லெண்ணெயே போட்டனி?"

"ஓம். அதுக்கு என்ன இப்ப?"

"மணல் முழுக்க ஒட்டிப்போச்சு. செயின் கழண்டு உள்ளுக்கை போய் இறுகிட்டுது. ஒரு அடி நகரேல்லை." செயினை விரலால் இழுத்துப் பார்த்தான். "அப்பாவும் இப்பிடித்தான் நாசமாக்கிறவர்."

செயின் இறுகாமல் இருந்திருந்தால் எங்கே போயிருப்பாய் என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவானோ என்று பயம்.

இரண்டு பேரும் சைக்கிளின் ஆளுக்கொரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் ஏறினோம். வீட்டு வாசலில் அவன் கேட்டான்: "மண்ணெண்ணெய் இருக்கே? செயினைக் கழட்டி ஊறப்போடோணும்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். எவ்வளவு பார்த்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் திரும்பிப் போய்ப் படுத்துவிடுவான் என்றும் தெரிந்தது. கீழே இறங்கி அன்ரியின் கதவைத் தட்டினேன்.

அன்ரி போத்தலை நீட்டிக்கொண்டு கேட்டா, "கரப்பானெல்லாம் போயிட்டுதே பிள்ளை?"

"தெரியேல்லை அன்ரி" என்றேன்.

மேலே வந்து, பழைய பேசின் ஒன்றில் செயின் மூழ்குகிற அளவுக்கு நானே ஊற்றினேன். தம்பி பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தான். நான் போத்தலின் மூடியை இறுக்கி, அதை மடியில் வைத்துக்கொண்டு, அவன் கழுவி முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.