மூச்சுக்குள் அடங்காத பெயர்

திசையன்விளைச் சந்தைத் திடலில் அன்று கூடிய கூட்டம் கருப்பட்டி வாங்க வந்ததல்ல. கொம்பையாவின் பாட்டைக் கேட்க வந்தது.

சடுகுடுவில் எதிரணியின் எல்லைக்குள் போகிறவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டே போக வேண்டும். ஆளைத் தொட்டுவிட்டுப் பாட்டு அறாமல் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் 'சடுகுடு சடுகுடு' என்றே ஒப்பேற்றிவிடுவார்கள். சீவலப்பேரிக் கொம்பையா அப்படியல்ல. தானே கட்டிய பாட்டோடு போவான்.

"கொம்பையா வாரான், கோட்டை சாயப் போகுது! ஒங்க ஆத்தா அழுதா, ஓரமா நின்னு அழச்சொல்லு!"

பாட்டு வளர வளர எதிராளிக்கு முகம் சிவக்கும், கால் தடுமாறும். அந்த நேரம் பார்த்துத் தொட்டுவிடுவான். தன் பெயரை நாலு ஊர் சொல்ல வேண்டும் என்பதற்காகவே அவன் ஆடினான். அப்படியென்றால் கூட ஆடும் ஆறு பேர் எதற்கு என்று ஒருவர் கேட்டபோது, "ஆட்டத்துக்கு ஏழு பேரு வேணும்லா" என்றான்.

அந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டில், அவன் மனைவி பிரம்மநாயகி காலராவில் விழுந்தாள். சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள். ஜெபக்கூடத்து ஆட்கள்தாம் வீட்டுக்குள் வந்து கஞ்சி கொடுத்தார்கள், வாந்தியைக் கழுவினார்கள். அவர்களுக்கு இவன் யார் என்றே தெரியாது. நாலு ஊர் சொல்லும் பெயர் அந்த வீட்டு வாசலில் எதற்கும் உதவவில்லை. பிழைத்தெழுந்தவளோடு அவனும் ஞானஸ்நானம் பெற்றான். அவள் சாலோமி ஆனாள். அவன் சுவிசேஷமுத்து.

அதற்குப் பிறகு அவன் ஆடும் முதல் ஆட்டம் இந்தத் திசையன்விளை ஆட்டம். கோட்டைத் தாண்டியவன், பழைய பாட்டில் புதுப் பெயரைப் பொருத்திப் பாடினான்.

"சுவிசேஷமுத்து வாரான்..."

தாளத்தில் இரண்டு பெயரின் இடத்தை அந்த ஒரு பெயர் அடைத்துக்கொண்டது. கூட்டம் குபீரென்று சிரித்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பான். அடுத்து ஆத்தாளைப் பற்றிய அடி. 'நற்செய்தி' என்று பெயர் வைத்துக்கொண்டு இன்னொருவன் தாயை ஏசவா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு நின்றது, மூச்சு அறுந்தது. எதிரணியின் தாணுமாலையன் சிரமமே இல்லாமல் அவனைத் தூக்கி மண்ணில் போட்டான்.

திரும்பும் வழியில் அணித்தலைவர் முகம்மது சுல்தான் வண்டியில் இருந்தபடியே பிடித்துக்கொண்டார்.

"ஏலே கொம்பையா, பாட்டு ஒன் தொண்டையில இருக்குன்னுல்லா நெனச்சேன்! அடுத்தவன் வயித்தெரிச்சல்ல இருந்திருக்குலே!"

"அண்ணாச்சி, அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதிய. எனக்கு வேற பேரு."

"சு... வி... சே... ஒன்னக் கூப்பிட்டு முடிக்கதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிரும்லே! பேரு என்னமும் இருக்கட்டும். வள்ளியூர்க்காரனுவ அடுத்த மாசம் நம்மூருக்கு வாரானுவ. பாடுவியா, மாட்டியா? அதச் சொல்லு."

மறுநாள் அவன் தனியாக வயலுக்குப் போனான். வெறும் 'சடுகுடு' என்று வயல்வரப்பில் பழகிப் பார்த்தான். பாதியிலேயே மூச்சு தீர்ந்தது. தன்னை உயர்த்தவும் எதிராளியைத் தாழ்த்தவும் மட்டுமே அந்த மூச்சு பழகியிருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை. ஆட்டத்தை விட்டுவிடலாம் என்றால், ஆட்டம் இல்லாத தன்னை அவனுக்கே அடையாளம் தெரியவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூடத்தில் நோயாளிகளுக்காகவும் கஷ்டத்தில் இருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்வது வழக்கம். சாலோமி முழங்காலில் நின்று பெயர்களைச் சொன்னாள். ஜெபராணியின் கைப்பிள்ளை, கண் தெரியாத கிழவர், கொழும்புக்குப் போய்ச் சேதி இல்லாத ஒருத்தி மகன் என்று நீண்டுகொண்டே போனது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் இன்னும் மூச்சிரைக்கும் உடம்பு. அத்தனை பெயர்களையும் எங்கேயும் நிற்காமல் சொல்லி முடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டான். "எப்படிட்டி ஒரே மூச்சுல சொன்ன?"

"ஒரே மூச்சா?" அவள் யோசித்தாள். "தெரியலியே. எனக்குன்னு கேக்கதா இருந்தா ரெண்டு வார்த்தையில முடிஞ்சிரும். அவுகள நெனச்சா பேரு பேரா வந்துட்டே இருக்கு." பிறகு நின்று அவனை முறைத்தாள். "ஜெபம் பண்ணும்போது கண்ண மூடணும். என் மூச்சயா பாத்துட்டு இருந்திய?"

வள்ளியூர் அணி வந்தது. சீவலப்பேரி ஆற்று மணலில் கோடு கிழித்தார்கள். எதிரணிக்கு ஆள் போதாமல் திசையன்விளைத் தாணுமாலையனையும் கூட்டி வந்திருந்தார்கள். அவன் ஒருவனே பாதி அணியைச் சாய்த்தான். தொடப்பட்டவனோ பிடிபட்டவனோ ஆட்டக்காரர்கள் கணக்கில் செத்தவன். கோட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். தன் அணியில் ஒருவன் போய் எதிராளியைத் தொட்டு வந்தால்தான், ஒரு ஆளுக்கு ஒரு ஆள் என்று, தொட்டு வந்தவன் கூப்பிடும் ஆள் உயிர் பெற்று எழும்பலாம்.

உள்ளே மிஞ்சியது சுல்தானும் அந்தப் பழைய பாட்டுக்காரனும்.

"போலே," என்றார் சுல்தான். "என்னத்தையாவது பாடு. போ!"

கோட்டை மிதித்தபோது அவன் திரும்பிப் பார்த்தான். வெளியே உட்கார்ந்திருந்தவர்களில் அசன் முகம்மது முழங்கையில் ஒட்டிய மணலை ஊதிக்கொண்டிருந்தான். கிருபைராஜ் தலை குனிந்திருந்தான். பிச்சாண்டி, சுடலை, கடைசியில் இந்த வருஷம்தான் ஆட வந்த வேலாண்டி. பிறகு எல்லோரும் நிமிர்ந்து இவன் வாயையே பார்த்தார்கள். இத்தனை வருஷத்தில் இவர்கள் பெயர் ஒன்றுகூடத் தன் பாட்டில் வந்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அசனே கிருபையே பிச்சாண்டி சொடலையே வேலாண்டி, அசனே கிருபையே..."

கூட்டம் ஒரு கணம் விழித்தது. இது பாட்டா, கூப்பாடா? வள்ளியூர்க்காரர்களுக்குக் கோபம் வருவதற்கும் அதில் ஏதும் இல்லை. கோபப்படாதவர்கள் நிதானமாக வளைத்தார்கள். முன்னைப்போல ஆட்டம் சுலபமாக இல்லை. ஆனால் மூச்சு தாக்குப்பிடித்தது. ஒருவன் தோளைத் தொட்டான், குனிந்து இன்னொருவன் முட்டியைத் தொட்டான், வேலாண்டி என்ற பெயரோடு கோட்டில் விழுந்தான்.

அசனும் கிருபைராஜும் துள்ளி எழுந்து உள்ளே ஓடி வந்தார்கள். கிருபைராஜ் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தான். அந்த அடி வலித்தது. இதுவரை யாரும் அவனை அப்படித் தொட்டதில்லை.

மறுபடியும் அவன் முறை வந்தது. மறுபடியும் அதே பெயர்கள். பிச்சாண்டி எழும்பினான். அதற்கடுத்த முறை தாணுமாலையன் அவன் இடுப்பைப் பிடித்துவிட்டான். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மூச்சு தீர்ந்தது.

அவன் வெளியே போய்ச் சுடலைக்கும் வேலாண்டிக்கும் நடுவில் உட்கார்ந்தான். திசையன்விளையில் தோற்றதும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டவன், இன்று கண்கொட்டாமல் ஆட்டத்தைப் பார்த்தான்.

"வலிக்கா அண்ணே?" என்றான் வேலாண்டி.

"ஒனக்கு வலிக்கலியா? அவன் கை இரும்புலே."

சுல்தான் கோட்டைத் தாண்டினார். பாட்டு அவருக்கு வராது. வாயில் வந்த முதல் பெயரையே பிடித்துக்கொண்டார்.

"கொம்பையா கொம்பையா கொம்பையா கொம்பையா..."

கனத்த உடம்போடு தட்டுத்தடுமாறிப் போய் ஒருவன் விரல் நுனியைத் தொட்டுவிட்டு, ஆனையைப் போலக் கோட்டில் வந்து விழுந்தார். மல்லாந்து கிடந்தபடியே கத்தினார். "ஏலே! எந்தி!"

எந்தப் பெயருக்கு எழும்புகிறோம் என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. எழுந்து ஓடினான்.