அண்ணி என்று கூப்பிட்ட பிள்ளை

கிள்ளை கடைத்தெருவில் இலக்கியாவைப் பற்றி விசாரித்தால், "எந்நேரமும் இடுப்புல புள்ளையோட திரியுமே, அந்தப் பொண்ணா?" என்பார்கள். பிள்ளை அவளுடையது அல்ல. அண்ணன் அன்பரசுவின் மகள் அருள்மொழி. அன்பரசு சிதம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணி ஜான்சிக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் அரசாங்க வேலை. பிள்ளை கண் விழிக்குமுன் கிளம்பி, சிதம்பரத்தில் பஸ் மாறிக் கடலூர் போய், விளக்கு வைத்த பிறகு வந்து சேர்வாள். பி.ஏ. முடித்துவிட்டு வீட்டிலிருந்த இலக்கியாவிடம் பிள்ளை ஒட்டிக்கொண்டது. மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டவர்களிடம், "இவ நடக்கட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றாள். பிள்ளை நடந்தது. "பேசட்டும்" என்றாள்.

பேசவும் ஆரம்பித்தது. முதலில் வந்தது காக்கா. காக்கையைப் பார்த்தாலும் காக்கா, ஆட்டைப் பார்த்தாலும் காக்கா, மொட்டை அடித்த பக்கத்து வீட்டுப் பையனும் காக்கா. கொஞ்ச நாளில் பறப்பது மட்டும் காக்கா ஆயிற்று. பிறகு தண்ணி, பூ, டாட்டா. மீன் வண்டியின் ஹாரன் கேட்டதும் "மீனு" என்று தெருவுக்கே அறிவிக்கும். எல்லாம் இலக்கியாவின் வாயைப் பார்த்துப் பார்த்துப் பிடித்த சொற்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது.

ஒருநாள் மாலை ஜான்சி செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவந்து, "அண்ணி!" என்றது.

அன்பரசு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னையே மாமான்னுதான் கூப்புடுது. நீ கூப்புடறத கேட்டுக்கிட்டு!" ஜான்சியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜான்சி கோயிலுக்குப் போய் வந்த கையோடு பிள்ளையை மடியில் உட்கார வைத்துப் பாடம் ஆரம்பித்தாள்.

"அம்மா சொல்லு."

"ல்லு" என்றது பிள்ளை.

"அம்... மா..."

சோறு ஊட்டத்தான் போகிறார்கள் என்று நினைத்து ஆ காட்டியது. மதியம் வரைக்கும் இதே கூத்து. கடைசியில் பிள்ளையும் அழுதது, பெற்றவளும் அழுதாள்.

எதிர்வீட்டுச் சவரியம்மாளுக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. குழாயடியில் இலக்கியாவைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிக் குடுத்தா பேசறதுக்கு அது என்னா கிளியா? பெரியவங்க ஒருத்தர ஒருத்தர் கூப்புடறத கேட்டுத்தான் புள்ள கூப்புடும். ஒங்க வூட்ல யாரு யார அம்மான்னு கூப்புடறீங்க?"

இலக்கியா குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட்டுப் பல வருஷம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, விற்பதற்கு மீன் வாங்கக் கடற்கரைக்குப் போனவள் அவளுடைய அம்மா. சுனாமி வந்தது அன்றைக்குத்தான். இலக்கியா அப்போது கைக்குழந்தை; ஒரு சொல்லும் வந்திருக்காத வயது. அப்பா ராபர்ட்தான் இரண்டு பேரையும் வளர்த்து ஆளாக்கிவிட்டுக் கண்ணை மூடினார். முள் குத்தினால் மற்ற பிள்ளைகள் "அம்மா" என்று அலறுவார்கள். இலக்கியாவுக்கு "அப்பா" என்றுதான் வரும். அம்மா என்ற சொல்லின் மேல் ஆசை இல்லாமல் இல்லை. கொள்ளை ஆசை. ஆசை இருந்து என்ன செய்ய, கூப்பிட ஆள் வேண்டாமா?

அன்றிரவு சாப்பிடும்போது ஜான்சி புருஷனிடம் சொன்னாள்: "மஞ்சக்குப்பத்துல வாடகைக்கு வீடு பாக்கச் சொல்லியிருக்கேன் மாமா. ஆபீஸ் பக்கத்துலயே புள்ளைங்கள பாத்துக்கற எடம் இருக்காம். எம்புள்ள என்ன அண்ணி அண்ணின்னே கூப்புட்டு வளரணுமா?"

இலக்கியாவுக்குக் கோபம் வரவில்லை. பிள்ளை போய்விட்டால் அந்த வீட்டில் அவள் என்ன செய்வாள்? ஆனால் ஜான்சி கேட்பதும் நியாயம்தானே. பத்து மாதம் சுமந்தவளுக்கு அந்த ஒரு சொல்கூடவா கிடைக்கக்கூடாது?

மறுநாள் துணி துவைக்கும்போது அந்தச் சொல்லைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். வாய்வரை வந்தது, வெளியே வரவில்லை. ஜான்சி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அண்ணி என்றே பழகிய நாக்கு. அதோடு, உள்ளுக்குள் ஒரு பயம். சொல்லிவிட்டால் அழுதுவிடுவோமோ என்று.

மாலையில் ஜான்சி படியேறினாள். இலக்கியா பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, "தண்ணி தரட்டுமா... அம்மா?" என்றாள்.

ஜான்சி தோளில் பையோடு அப்படியே நின்றாள். "யார கூப்புடற?"

"ஒங்களத்தான். புள்ள கேக்கட்டும்."

அன்பரசு எழுந்து வெளியே போய், சுத்தமாக இருந்த ஆட்டோவை மறுபடி துடைக்க ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு வீட்டில் எல்லாம் அம்மாதான். "அம்மா, கொழம்பு போதுமா?" "அம்மா, குடை எடுத்துக்கிட்டீங்களா?" பிள்ளை ஒருத்தி முகத்தையும் இன்னொருத்தி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. ஒரு வாரம் கழித்து, வாசலில் கேட் சத்தம் கேட்டதும் இலக்கியாவுக்கு முந்திக்கொண்டு, "ம்மா!" என்று கத்தியது. ஜான்சி பிள்ளையை வாரி எடுத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மஞ்சக்குப்பத்து வீட்டுப் பேச்சு அத்தோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஜான்சி மீன் அலசிக்கொண்டே சொன்னாள்: "புள்ளைக்குத்தான் வந்துடுச்சே. அது சொல்ல ஒனக்கு எவ்ளோ கஷ்டம்னு எனக்குத் தெரியாதா? இனிமே நீ பழையபடி அண்ணின்னே கூப்புடு இலக்கியா."

இலக்கியா தலையாட்டினாள். ஜான்சி அடுப்படிக்குள் போனாள். புடவையில் கட்டிய ஏணையில் பிள்ளை அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. சொல்லிக் கொடுக்க அங்கே யாரும் இல்லை.

"அம்மா" என்று கூப்பிட்டாள் இலக்கியா.

"என்னாடி?" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.