பத்தாம் வசனத்துக்கு மேலே

பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் சபையில் ஞாயிறுதோறும் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசித்தவர் என் கணவர். தொழில் தையல். மலையாளப் பக்கத்தோடு கிடந்த எங்கள் தமிழ் ஊர்களும் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஆட்கள் ஊர்வலம் போன காலம் அது. அவரும் போனார். ஒருநாள் நெய்யாற்றின்கரையில் போலீஸ் அடித்ததில் இடுப்பு முறிந்ததுபோல் ஆகிவிட்டது. லாக்கப்பிலிருந்து விட்டபிறகு இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

அதற்குப் பிறகு அவரால் மெஷினில் உட்கார முடியவில்லை. பெடலை ஒரு தடவை மிதித்தால் முகம் வெளிறிப்போகும். வைத்தியர் தந்த எண்ணெயும் கஷாயமும் பலிக்கவில்லை. லாக்கப்பில் கூடக் கிடந்த சிநேகிதன் ஒருவன் ஆரியங்கோட்டுப் பக்கம் ஒளித்துக் காய்ச்சிய சாராயம் கொண்டுவந்தான். வலிக்கு ஒரு மடக்கு என்றுதான் தொடங்கியது. சில மாதங்களில், காலையில் அது இல்லாமல் கை நடுங்குகிற நிலைக்கு வந்துவிட்டார்.

ஓய்வுநாள் பள்ளியில் குடிக்கு எதிராகப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் அவர். நோவா குடித்து வெறித்துக் கூடாரத்தில் கிடந்த கதையை அவர் சொன்னால் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அதனால் சபைக்குக் கோபத்தைவிட வெட்கம்தான் அதிகம் இருந்தது. போதகரும் மூத்த மூப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். மூப்பர் நீதிமொழிகள் இருபத்துமூன்றாம் அதிகாரத்தை எடுத்து, ஐயோ என்பது யாருக்கு, காரணமில்லாத காயங்கள் யாருக்கு, மது இருக்கும் இடத்தை விட்டு எழும்பாதவர்களுக்கு அல்லவா என்று வாசித்தார்.

என் கணவர் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டினார்.

"எனக்குக் காயம் மொதல்ல வந்ததாக்கும் மூப்பரே. குடி பெறவாக்கும் வந்தது."

பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினபோது வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னது உண்டே என்று நான் கேட்டேன். கொஞ்சம் என்று சொன்னதைக் கவனிக்கவேண்டும் என்றார் போதகர். அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் அது கொஞ்சமாக இல்லை. மனந்திரும்பும்வரை, சபையாரோடு அப்பமும் ரசமும் வாங்குகிற இராப்போஜனம் அவருக்கு இல்லை என்று அடுத்த வாரம் தீர்மானம் ஆயிற்று. அந்த ஞாயிறு பாடத்தை வேறொருவர் வாசித்தார். நிறுத்தவேண்டாத இடங்களில் எல்லாம் நிறுத்தினார். பெண்கள் பக்கத்தில் தலை குனிந்து இருந்தேன்.

அன்று மத்தியானம் நானாகவே வேதத்தை எடுத்து அவர் பக்கத்தில் இருந்தேன். நீதிமொழிகள் முப்பத்தொன்று. குணசாலியான ஸ்திரீயைப் பற்றி எல்லாக் கல்யாணத்திலும் வாசிக்கிற அதிகாரம். என் கல்யாணத்திலும் வாசித்தார்கள். எப்போதும் பத்தாம் வசனத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நான் மேலிருந்து வாசித்தேன். ஒரு தாய் ராஜாவான தன் மகனுக்குப் புத்தி சொல்கிறாள்: ராஜாக்கள் குடிக்கக்கூடாது, குடித்தால் நியாயத்தை மறந்து எளியவனுடைய வழக்கைப் புரட்டுவார்கள். மடிந்துபோகிறவனுக்கு மதுவைக் கொடு, அவன் தன் வருத்தத்தை மறக்கட்டும்.

அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் வாசித்தேன். அவர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

"அப்போ நான் மடிஞ்சு போறவன். அப்படித்தானே பிள்ளே?"

நான் வேதத்தை மூடி வைத்தேன்.

மறுநாள் அவர் குடிக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. உடம்பெல்லாம் வியர்த்து, இல்லாத ஆட்களோடு மலையாளத்தில் பேசினார். அடிக்கவேண்டாம் சாரே என்று கெஞ்சினார். பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சிநேகிதன் வந்தபோது நான் அவனைத் தடுக்கவில்லை.

எல்லை தீர்மானமான செய்தி வரும்போது அவருக்கு வயிறு வீங்கியிருந்தது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின. நாங்கள் இந்த மலையாளப் பக்கமே நின்றுபோனோம். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளையில் கொண்டாட்டமாக வெடி போடுகிற சத்தம் கேட்டது. அது என்ன சத்தம் என்று கேட்டார். சொன்னேன். நல்லது, அவங்களாவது போகட்டும் என்றார்.

கடைசி வாரத்தில் போதகர் மூப்பர்களைக் கூட்டாமல் தனியே வந்தார். மனந்திரும்பினாயா என்று அவர் கேட்கவில்லை. அப்பத்தை விழுங்க முடியாததால் பாத்திரத்தை மட்டும் என் கணவரின் உதட்டில் வைத்தார். எங்கள் சபையில் அது உலர்ந்த திராட்சையை வேகவைத்துப் பிழிந்த சாறு, புளிக்காதது. கொஞ்சம் தாடியில் வழிந்தது. நான் துடைத்தேன்.

கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்கள், ஓரமாக. அந்த மெஷினில் நான் தைக்கப் பழகினேன். ஜாக்கெட் தைக்க வரும் பெண்களில் சிலர், வீட்டுக்காரன் குடிப்பதைச் சொல்லி, வேதத்தில் இதற்கு என்ன சொல்லியிருக்கிறது அக்கா என்று கேட்பார்கள். வெறிகொள்ளக்கூடாது என்று சொல்லியிருக்கிறது என்பேன். அதற்குமேல் கேட்டால், கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லி அளவெடுக்கத் தொடங்கிவிடுவேன்.