சாமி வந்த ஜிம் மாஸ்டர்

எங்கள் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு, எங்கள் ஊர் நடபுவாவில் எல்லோரும் வெளிநாடு போக விசாவுக்கு அலைந்தோம். எங்கள் ஜிம் மாஸ்டர் மட்டும் உடம்பை வளர்த்தார். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. அடிக்கடி கண்ணாடியைப் பார்த்து, தான் இளைத்துவிடவில்லை என்று உறுதி செய்துகொள்வார்.

ஒருநாள் அவர் கை நடுங்குவதைப் பார்த்து, "காய்ச்சலா மாஸ்டர்?" என்றேன்.

"இல்ல அண்ணே. குரோத் ஹார்மோன் ஊசி நெறைய போடறேன். அது தைராய்டைக் கொறைச்சிடுமாம். அதுக்காகத் தைராய்டு மாத்திரையும் போடறேன். அதான் இந்த நடுக்கம்."

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டரா? அவரு கையைப் பாத்தீங்களா, ஈர்க்குச்சி!"

அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டபோது கறி, முட்டை எல்லாவற்றையும் விட்டார். ஊசியும் மாத்திரையும் சைவம்தான் என்று சொல்லிவிட்டார். கறி போன குறைக்கு மாத்திரையைக் கூட்டவும் செய்தார்.

தீமிதியன்று உடுக்கை ஒலித்ததும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. உடம்பு கிடுகிடுவென்று ஆடியது.

"சாமி வந்திடுச்சி!" என்று பூசாரி கற்பூரம் ஏற்றினார். சனம் வரிசை கட்டியது. யாரும் மழை கேட்கவில்லை, பிள்ளை கேட்கவில்லை.

"தாயே, விசா வருமா?"

மூச்சு வாங்கிக்கொண்டே மாஸ்டர் எல்லோருக்கும் "வரும், வரும்" என்றார். எல்லாம் தெரிந்த நானும் வரிசையில் நின்று கேட்டேன். எனக்கும் வரும் என்றார். வந்தது.

நான் சிட்னிக்கு வந்த பிறகு அவரும் விசாவுக்கு எழுதிப் போட்டாராம். மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு துடித்த வேகத்தையும் உடம்பு நடுக்கத்தையும் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அந்த நடுக்கத்தில் அம்மனைக் கண்டுகொள்ளத் தெரியாத டாக்டர்.