சுத்தம் செய்த குடுவைகள்

இறால் குஞ்சு பொரிப்பகத்தில் அவளை எல்லோரும் பாசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தாவரவியல் படித்து உதவியாளராகச் சேர்ந்தவள், பதினாறு வருடம் ஆகியும் உதவியாளர்தான். கண்ணுக்குத் தெரியாத கடல் நுண்பாசியைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, வாளிக்கு மாற்றி, தொட்டிக்குப் பெருக்கி, பிறந்து இரண்டு நாளான குஞ்சுகளுக்கு ஊட்டுவது அவள் வேலை. தண்ணீர் தேன் நிறத்தில் இருந்தால் பாசி நன்றாக இருக்கிறது என்று பொருள். கொஞ்சம் வெளிறினாலும் வாசலில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவாள்.

புது மேனேஜர் வந்த மறுநாளே நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். பாசியைச் சுற்றிப் பாக்டீரியா மொய்த்துக்கொண்டிருந்தது. முகம் சுளித்தார்.

"இது பாசி வளக்கிற இடமா, சாக்கடையா?"

எல்லாக் குடுவைகளிலும் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை ஊற்றச் சொன்னார். இத்தனை வருடமும் அது பாசியோடு கூடவே இருந்ததுதான், ஒரு கெடுதலும் வந்ததில்லை என்றாள் அவள். இரண்டு குடுவைகளையாவது தொடாமல் வைக்கலாம் என்று கேட்டுப் பார்த்தாள்.

"உங்க வேலை கழுவறது, ஊத்தறது. யோசிக்கிறத நான் பாத்துக்கறேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. மருந்தை எடுத்து எல்லாக் குடுவையிலும் ஊற்றினாள்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் வாரம் தேன் நிறம் கழுநீர் நிறமானது. குஞ்சுகள் தீனியில்லாமல் செத்துத் தொட்டியின் அடியில் படிந்தன. வலையால் அள்ளி அள்ளிக் கொட்டியவளும் அவள்தான். அன்று மாலையே கையில் ஒரு மெமோ வந்தது: உதவியாளர் சரியாகக் கை கழுவாததால் பாசி கெட்டது. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். மாட்டேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அவள் பாத்திரம் தேய்த்த சத்தத்தில் வீடே அதிர்ந்தது. பஸ் பணிமனையில் மெக்கானிக்காக இருந்த கணவர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மேனேஜர் தலைன்னு நெனச்சு தேய்க்கிறியா? அடி ஓட்டையாயிடப் போகுது."

அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் பாசி அறையில் அலமாரிக் கதவில் ஒட்டியிருந்த பழைய உரக் குறிப்பைப் படித்தாள். கடைசி வரி அடிக்கப்பட்டிருந்தது. வைட்டமின் பி12. வாங்க வேண்டாம் என்று நிர்வாகம் ஐந்து வருடத்துக்கு முன்பு நிறுத்தியது. இந்தப் பாசிக்கு அதைத் தானாகச் செய்துகொள்ளத் தெரியாது. அது இல்லாமல் வளரவும் வளராது. அப்படியானால் ஐந்து வருடமாக அதற்கு வைட்டமின் கொடுத்தது யார்? கூடவே இருந்த பாக்டீரியாவை மருந்து ஊற்றித் தன் கையாலேயே கொன்றது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

வெளிறிய பாசியில் சொட்டுச் சொட்டாக எடுத்து, மருந்து கலக்காமல், கொதிக்கவைத்து ஆற்றி வழக்கமான உரம் மட்டும் போட்ட கடல்நீர் இருந்த மூன்று குடுவைகளில் விட்டாள். முதல் குடுவையில் வேறெதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில், கால் மரத்துப்போவதற்காகக் கணவருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த பி12 ஊசி மருந்தில் ஒரு துளி. மூன்றாவதில், வெளியே கழுவாமல் விட்டிருந்த பழைய தொட்டியின் சுவரில் சுரண்டிய வழவழப்பு. அதில் பழைய பாக்டீரியா உயிரோடு இருந்தது.

எட்டாம் நாள் முதல் குடுவை வெளிறியே கிடந்தது. இரண்டாவதில் தேன் நிறம். மூன்றாவதிலும் தேன் நிறம்.

அன்று காலை முதலாளி வந்திருந்தார். அவள் கூட்ட அறைக்குள் நுழைந்தபோது, பாசி அறையில் அவள் வைத்திருந்த மூன்று குடுவைகளும் பி12 குப்பியும் மேஜைமேல் இருந்தன. தான் ஒரு சோதனை செய்து பார்த்ததாக மேனேஜர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"மூணாவதுல என்ன ஊத்தினீங்க சார்?" என்று கேட்டாள்.

"வைட்டமின்."

"அது ரெண்டாவதுல. மூணாவதுல இருக்கிறது, நீங்க சாக்கடைன்னு சொன்னீங்களே, அது."

முதலாளி அவளைப் பார்த்து, நீங்களே சொல்லுங்கள் என்றார். பாசி வெயிலில் சர்க்கரை செய்து கொஞ்சம் கசியவிடுகிறது, பாக்டீரியா அதைத் தின்றுவிட்டு வைட்டமினைச் செய்து தருகிறது, ஒன்றைக் கொன்றால் மற்றது தானாகச் சாகும் என்று சொன்னாள். பிறகு மெமோவை மேஜைமேல் வைத்தாள்.

"என் கை அழுக்குன்னு இதுல எழுதியிருக்கு. தப்புன்னு எழுதிக் குடுங்க."

"விடுங்கம்மா, நாம எல்லாம் ஒரு குடும்பம் மாதிரி," என்றார் முதலாளி.

"குடும்பத்துல யாரும் யாருக்கும் மெமோ குடுக்கறதில்ல சார்."

கடிதம் தட்டச்சாகி வரும்வரை அவள் நாற்காலியில் உட்காரவில்லை. மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை. அவர் மேனேஜராகவே இருந்தார். மூன்றாவது குடுவையிலிருந்து பெருக்கிய பாசியைத்தான் அடுத்த தொகுதிக் குஞ்சுகள் தின்று வளர்ந்தன. புதிய செய்முறைக் குறிப்பு மேனேஜர் பெயரில் சுவரில் ஏறியது. அவள் அதைக் கழற்றி, கீழே தன் முழுப் பெயரைப் பேனாவால் எழுதி, மறுபடி மாட்டினாள்.

மாதங்கள் கழித்துக் கணவர் கேட்டார், இன்னுமா கோபம் போகவில்லை என்று.

"எதுக்குப் போகணும்?" என்றாள் அவள்.