அண்ணன் போட்ட ஓட்டு

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா, வெளியே போவதா என்று பிரிட்டனில் பொது வாக்கெடுப்பு நடந்ததே, அதில் ஒரு ஓட்டு எங்கள் வீட்டு ஓட்டு. குன்னூரில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் அண்ணன் அப்போது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தான். அவன் கையில் இருந்தது இந்திய பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டுக்காரன் என்பதால் அவனுக்கு அங்கே ஓட்டு உண்டு. எங்களை ஒரு காலத்தில் ஆண்டவர்கள் விட்டுவைத்த மிச்சம் மீதியில் அதுவும் ஒன்று போலிருக்கிறது.

அண்ணனுக்கு ஓட்டு இருக்கிறது என்று தெரிந்த அன்று அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. அப்பா சிலோனில் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். அங்கே தோட்டத்து ஜனங்களுக்கு இருந்த ஓட்டைப் பறித்துவிட்டார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்களும் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டன. அப்பா இந்தியாவின் பங்கில் விழுந்தார். அவருடைய அக்கா அங்கேயே தங்கிவிட்டார். கப்பல் ஏறிய பிறகு இரண்டு பேரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. அப்பா தன் வாழ்க்கையின் முதல் ஓட்டைப் போட்டது குன்னூரில்தான். அதிலிருந்து வார்டு தேர்தலுக்குக்கூட சலவை வேட்டி கட்டிக்கொண்டுதான் போவார். நாங்கள் கேலி செய்தால், “உங்களுக்கெல்லாம் சும்மா கெடைச்சது, அதான் இளப்பம்” என்பார்.

இன்னொருவரைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அண்ணன் இங்கிலாந்து போன முதல் குளிர்காலத்தில் நிமோனியா வந்து படுத்துவிட்டான். அதே இல்லத்தில் வேலை செய்த போலந்துக்காரப் பெண்மணி ஒருவர்தான் அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், மாடி அறையைக் கொடுத்து, கஞ்சி மாதிரி எதையோ காய்ச்சிக் கொடுத்துத் தேற்றினார். உடம்பு தேறியும் அண்ணன் அந்த அறையை விட்டு இரண்டு வருடம் நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் அவர் வீடியோவில் எங்களைக் கூப்பிட்டு, “பாருங்கள், சாப்பிடுகிறான்” என்று அண்ணன் முகத்துக்கு நேராகப் போனைக் காட்டுவார். அப்பாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் ‘தேங்க் யூ’வும் ‘குட்’டும்தான். மிச்சத்தைத் தமிழிலேயே பேசிவிடுவார். அந்தப் பெண்மணியும் போலிஷில் ஏதோ சொல்வார். இரண்டு பேரும் அரைமணி நேரம் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நான் நடுவில் உட்கார்ந்து என் அரைகுறை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் பார்த்து இருவரிடமும் திட்டு வாங்குவேன். அப்பாவுக்கு அவர் ‘போலந்து புள்ள’. எனக்கு அக்கா. அண்ணன் தனி வீடு பார்த்துப் போன பிறகும் அந்த ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நிற்கவில்லை.

ஓட்டு முடிவு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சாயங்காலம், சாரல். நான் டூட்டி முடித்து வரும்வரை அப்பா பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேக்கரியில்தான் காத்திருப்பார். நான் போய்ச் சேர்ந்தபோது உள்ளே பெரிய ரகளை. டி.வி.யில் லண்டன் ஓடிக்கொண்டிருந்தது. கடைக்கார பாய் ஒரு கட்சி. டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிட்டையர் ஆன பெரியவர் எதிர்க்கட்சி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிவிட்டு வந்த படுகர் ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“நூறு வருசத்துக்கு மேல நம்மூர்ல வந்து உக்காந்துட்டு, இப்ப இன்னொருத்தன் என்னை அதிகாரம் பண்றான்னு அழுகறானுங்க பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியலீங்க” என்றார் பாய்.

“அவன் ஊரு, அவன் சட்டமுங்க. கண்டவனும் வந்து குவிஞ்சா அவன் என்னங்க பண்ணுவான்?” என்றார் டீ மேக்கர்.

“ஏனுங்க, பவுண்டு விழுந்துருச்சாமா, நம்ம தேயிலைக்கு ஏதாச்சும் ஆகுமுங்களா?” என்று நடுவில் கேட்டார் படுகர்.

எங்கள் பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட அந்தக் கடையில் இவ்வளவு சத்தம் கேட்டதில்லை. அப்பாதான் கையை உயர்த்தி நிறுத்தினார். “எதுக்கு வீண் சண்டை? ஓட்டு போட்டவன் என் வீட்டுல இருக்கான். அவன்கிட்டயே கேட்டுருவோம். ஒருத்தரையும் போகச் சொல்லி அவன் போட்டிருக்க மாட்டான்” என்றார். என் போனை வாங்கி, ஸ்பீக்கரில் போடச் சொன்னார்.

அண்ணன் உற்சாகமாக எடுத்தான். “வெளிய போகணும்னுதான்ப்பா போட்டேன். ஜெயிச்சுட்டோம்!”

டீ மேக்கர் மேசையைத் தட்டினார். பாய் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா போனுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“போலந்து புள்ள எதுக்குப் போட்டுச்சு?”

“அவங்களுக்கு இந்த ஓட்டு கிடையாதுப்பா. அவங்க ஐரோப்பா ஆளு.”

“உனக்கு முன்னுக்கே அங்க வந்த புள்ளையாச்சே?”

“ரூல்ஸ் அப்படிப்பா. இனிமே அவங்க ஆளுங்க இஷ்டத்துக்கு வந்து குவிய முடியாது. அது நல்லதுதானே?”

“சிலோன்ல எங்களையும் அப்படித்தான்டா சொன்னானுங்க. கள்ளத்தோணின்னு” என்றார் அப்பா. போனை என்னிடம் நீட்டிவிட்டு வெளியே போய் மழையில் நின்றார். அத்தனை பேர் முன்னால் மகன் தன்னைத் தலைகுனிய வைத்துவிட்டான் என்பதைவிட, அந்தப் பெண் சமைத்ததைத் தின்ற வாய் இதைச் சொல்கிறதே என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

நான் அண்ணன் பக்கம் நின்றேன். காரணம் இருந்தது. இரண்டு நாள் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினான்.

“உனக்காகத்தான்மா போட்டேன். ஐரோப்பாக்காரங்க வரத்து நின்னா, இந்த வேலைக்கெல்லாம் நம்ம ஆளுங்களத்தான் கூப்பிட்டாகணும். பிரசார மீட்டிங்ல அப்படித்தான் பேசினாங்க. நீ இங்க்லீஷ் மட்டும் படிச்சு வை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

நானும் அண்ணன் செய்யும் அதே வேலையைத்தான் குன்னூரில் ஒரு முதியோர் இல்லத்தில் செய்துகொண்டிருந்தேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பது. கல்யாணம் கூடி வரவில்லை, அம்மாவும் போய்விட்டார், அப்பாவையும் அடுத்தவர்களுடைய அப்பாக்களையும் கழுவித் துடைத்தே காலம் போய்விடுமோ என்று எனக்குப் பயம். அண்ணன் சொன்னதைக் கேட்டதும் எனக்குச் சிறகு முளைத்துவிட்டது. அப்பாவிடம் சண்டைக்குப் போனேன். “யாரோ ஒரு பொம்பளைக்காகப் பெத்த புள்ளய ஒதுக்குவீங்களா?” என்று கேட்டேன். அப்பா எட்டு மாதம் அண்ணனிடம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மட்டும் வழக்கம்போல் கூப்பிட்டார். நானும் வழக்கம்போல் சிரித்துப் பேசினேன். பேசும்போதே இவர் எப்போது ஊரைக் காலி செய்வார் என்று மனசு ஓடும். அண்ணனிடம் வாய்விட்டே கேட்டிருக்கிறேன். “அந்தக்கா எப்பண்ணே போவாங்க? அந்த இடம் காலியாகுமா?” அவன் சிரித்துக்கொண்டே, “பொறு, பொறு” என்றான்.

பொறுத்தேன். லீவு நாளில் ஊட்டிக்குப் பஸ் ஏறி இங்கிலீஷ் வகுப்புக்குப் போனேன். என்னோடு படித்தவர்கள் என்னில் பாதி வயதுப் பிள்ளைகள். பரீட்சையில் முதல் தடவை தோற்றேன், இரண்டாம் தடவை தேறினேன். பிரிட்டன் ஒரு வழியாக வெளியே போனது. கொரோனா வந்தது, போனது. அண்ணன் அந்த நாட்டுக் குடிமகனாகி, அதே இல்லத்தில் உதவி மேனேஜரும் ஆனான். அக்கா எங்கும் போகவில்லை. அங்கேயே இருந்துகொள்ளலாம் என்று ஏதோ அனுமதி வாங்கிக்கொண்டு அதே இல்லத்தில் தொடர்ந்தார்.

பிறகு நிஜமாகவே கதவு திறந்தது. முதியோரைப் பார்த்துக்கொள்ள ஆள் போதவில்லை, வெளிநாட்டிலிருந்து வரலாம் என்று அறிவித்தார்கள். அண்ணன் சொன்னது பலித்துவிட்டது என்று துள்ளினேன். அப்பாவிடம், “பாத்தீங்களா?” என்று குத்திக்காட்டினேன். கூடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஏஜென்டுக்கு லட்சக்கணக்கில் கட்டி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் கீழே வேலை பழகிய ஒருத்தி போய், பனியில் நின்று எடுத்த போட்டோவை அனுப்பினாள். எனக்கு மட்டும் அண்ணனிடமிருந்து, “அடுத்த மாசம்” என்றுதான் பதில் வந்தது. அடுத்த மாதம் கேட்டால், “ஓனர் யோசிக்கிறார்.” அதற்கடுத்த மாதம், “ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறார்மா, நான் மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்.” எனக்காக மல்லுக்கட்டும் அண்ணனை நினைத்து நான் கண்ணீர் விட்டிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

சென்ற ஆண்டு அந்தக் கதவையும் மூடிவிட்டார்கள். இனி இந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதில்லை என்று செய்தி வந்தது. “நான் என்னம்மா பண்ணட்டும்? கவர்மென்ட்டே மூடிடுச்சு” என்று அண்ணன் வாட்ஸப்பில் எழுதினான். அழுகிற முகம் ஒன்றும் போட்டிருந்தான்.

அடுத்த ஞாயிறு அக்கா கூப்பிட்டார். எனக்காக வருத்தப்பட்டார். பேச்சோடு பேச்சாக, “உன் அண்ணன் ஏன் உன்னை வேண்டாம் என்றான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை” என்றார்.

தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துத் திரும்பச் சொல்லச் சொன்னேன். மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கதவு திறந்த முதல் மாதமே ஓனரிடம் என் பெயரைச் சொன்னது இவர்தான். ஓனருக்குச் சம்மதம். உதவி மேனேஜரின் தங்கை என்று தெரிந்ததும் இன்னும் சந்தோஷம். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து, வெளியிலிருந்து இனி ஆள் வேண்டாம், ஏற்கெனவே அதிகம் வந்துவிட்டார்கள் என்று சொன்னது அண்ணன்.

போனை வைத்துவிட்டு அப்படியே அண்ணனைக் கூப்பிட்டேன். அவன் மறுக்கவில்லை. அதுதான் இன்னும் கொடுமை.

“உனக்கு இங்க நெலம தெரியாதும்மா. கடையில, பஸ்ல எல்லாம் எங்களை மொறைச்சுப் பாக்கறாங்க. புதுசு புதுசா வந்து குவிய, குவிய, பன்னெண்டு, பதிமூணு வருசமா இருக்கிற எங்களையும் அவங்களோட சேத்துத்தான் பாக்கறாங்க. நீ வந்து என் பக்கத்துல நின்னா நானும் நேத்து வந்தவன் ஆயிருவேன்.”

“நான் உனக்குத் தங்கச்சிடா” என்றேன். அதுவரை அவனை ‘டா’ போட்டுப் பேசியதில்லை.

“புரிஞ்சுக்க” என்றான். புரிந்துகொள்ள என்ன இருக்கிறது? எட்டு மாதம் அப்பாவோடு எவனுக்காகச் சண்டை போட்டேனோ, எவன் பேச்சைக் கேட்டு நாற்பது வயதில் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தேனோ, அவன் என்னைக் கும்பலில் ஒருத்தியாக எண்ணித் தள்ளிவிட்டான். வாய்க்கு வந்தபடி திட்டினேன். தாளிக்க வைத்திருந்த எண்ணெய் கருகியதுகூடத் தெரியவில்லை. எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன். அப்பா என் தலையைத் தடவி, “விட்டுத்தள்ளு புள்ள” என்றார். அந்த வாரம் முழுக்க அவரே எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

மறு ஞாயிறு அக்காவுக்கு நன்றி சொல்லலாம் என்று நானே முந்திக்கொண்டு கூப்பிட்டேன். அப்பா பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். எனக்காகப் பேச உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டேன்.

“நீ நன்றாகப் பார்த்துக்கொள்வாய் என்று உன் அப்பா கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாரே” என்றார் அக்கா. பிறகு லேசாகச் சிரித்தார். “அந்த ஓட்டு முடிந்து இரண்டு மாதம் இருக்கும், உன் அண்ணன் ஒரு வேடிக்கை சொன்னான். ‘நீ போலந்துக்குப் போனதும் உன் இடத்துக்கு என் தங்கை வருவாள், இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறாள்’ என்றான். நான் போகவில்லை. அதனால் என்ன, பக்கத்தில் இன்னொரு இடம் இருந்தது, உன்னைச் சொன்னேன்.”

என் முகம் மாறியதை அக்கா பார்த்துவிட்டார். அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

“நீ கேட்டாயா? நிஜமாகவா?”

பொய் சொல்லியிருக்கலாம். அண்ணன் தலையில் இன்னொன்றைக் கட்டுவது பெரிய காரியமில்லை. “ஆமாம்” என்றேன். அவர், “சரி” என்றார். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

“என்ன கேட்டுச்சு? மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?” என்றார் அப்பா.

சொன்னேன். ஒன்று விடாமல் தமிழில் சொன்னேன். அப்பா கடைசிவரை கேட்டார். திட்டவில்லை. மதியச் சாப்பாட்டுக்கு நேரமாகியிருந்தது. நான் எழுந்து சோறு போட்டு, குழம்பு ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். அப்பா அதைத் தொடாமல் எழுந்து சமையலறைக்குப் போனார். வேறொரு தட்டை எடுத்துக் கழுவி, தானே போட்டுக்கொண்டு, அங்கேயே நின்றபடி சாப்பிட்டார்.