சட்டம் டீச்சர் மீறிய உத்தரவு

ஆளரவமில்லாத சாலையிலும் பச்சை விளக்குக்காகக் காத்து நிற்பவர் என்பதால், அந்தக் கணக்கு டீச்சருக்குப் பள்ளிக்கூடத்தில் சட்டம் டீச்சர் என்று பெயர். மாத்திரை அட்டையில் 'சாப்பிட்ட பின்' என்றிருந்தால், பசிக்காவிட்டாலும் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டுதான் விழுங்குவார். எழுதியிருந்தால் செய்துவிடுவார். ஊரே பாராட்டிய இந்தக் குணம்தான் அவருடைய கணினிக்கு வினையாக முடிந்தது.

விடுமுறையின் கடைசி நாள் மத்தியானம். மறுநாள் பள்ளி திறக்கிறது. யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்ற அட்டவணையை டீச்சர்தான் போட வேண்டும். ஒருவருக்குக் கைக்குழந்தை, ஒருவருக்கு முழங்கால் வலி, இருப்பதோ ஒரே ஆய்வகம். வாரக்கணக்கில் எல்லோர் தாடையையும் பிடித்துக் கெஞ்சிச் செய்த சமாதான ஒப்பந்தம் அது. வேறு நகல் கிடையாது. கட்டங்களுக்கு வண்ணம் பூசுவது மட்டும்தான் பாக்கி. எப்படிப் பூசுவது என்று இணையத்தில் ஒரு வீடியோவைத் திறந்தார். 'உங்கள் வீடியோ பிளேயர் பழசு, உடனே அப்டேட் செய்யவும்' என்றது அந்தப் பக்கம். நம்மைப் போன்ற சோம்பேறிகள் மூடிவிட்டுப் போயிருப்போம். டீச்சர் உடனே செய்தார். 'அனுமதிக்கலாமா?' என்று கணினி கேட்டதற்கும் மரியாதையாக ஆமாம் என்றார்.

சற்று நேரத்தில் திரை முழுக்கப் போலீஸ் முத்திரை. சட்டவிரோதமானவற்றைப் பார்த்த குற்றத்துக்கு அபராதம் கட்ட வேண்டுமாம். கணினியை அணைத்தால் எல்லா ஃபைலும் அழிந்துவிடுமாம். மவுஸ் அசையவில்லை, எந்தப் பொத்தானும் எடுபடவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "அப்படி என்னத்தம்மா பார்த்தே?"

"கட்டத்துக்குக் கலர் அடிக்கிறதைத்தாங்க பார்த்தேன்."

"கலர் பொருத்தம் சரியில்லன்னு புடிச்சிருப்பாங்க."

டீச்சர் சிரிக்கவில்லை. வங்கி அட்டையைக் கையில் எடுத்துவிட்டார். கணவர் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, கணினி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்யும் மச்சினிக்குப் போன் போட்டார்.

"அக்கா, காசு கட்டிடாதே. கட்டினாலும் அவன் திறந்து விடுவான்னு நிச்சயமில்ல," என்றாள் தங்கை. "இது திரைக்கு முன்னாடி ஒரு தட்டி வச்சு மறைச்ச மாதிரி. பின்னாடி ஃபைல் பெரும்பாலும் பத்திரமா இருக்கும். ஃபைலையே குலைச்சுப் போடுற ரகமும் உண்டு. எதுன்னு உள்ள போனாத்தான் தெரியும். திரையை ஒரு போட்டோ எடுத்து வை. நெட் ஒயரைப் பிடுங்கு. பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சு அணைச்சிடு."

"அணைக்கக் கூடாதுன்னு போட்டிருக்கேடி!"

"போட்டவன் திருடன்க்கா."

"திருடனா இருந்தா என்ன, எழுத்துலல்ல போட்டிருக்கான்!"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்போ நான் வேணா எழுதி அனுப்பட்டுமா?"

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார். எழுத்தில் வந்த உத்தரவு ஒன்றை அவர் மீறியது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. திரை இருண்டது. வானம் இடிந்து விழவில்லை. அதில் அவருக்குச் சின்ன ஏமாற்றம்கூட இருந்திருக்கலாம்.

தங்கை சொல்லச் சொல்ல மறுபடி போட்டு, கணினி கண் விழிக்கும்போதே அணைத்து, இப்படி இரண்டு மூன்று முறை தொந்தரவு செய்ததும், பழுது நீக்கும் பட்டியலைத் தானே காட்டியது. அதற்குள் புகுந்து 'சேஃப் மோட்' என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவசியமான புரோகிராம்கள் மட்டும் எழுந்து வரும் வழி அது. திருட்டுத்தனமாகப் புகுந்த ஒட்டுண்ணிக்கு அங்கே பொதுவாக அழைப்பு கிடையாது. முத்திரையைக் காணோம். டீச்சர் முதலில் அட்டவணையைத்தான் திறந்தார்.

"இருக்குடி! ஆய்வகம், முழங்கால், எல்லாம் இருக்கு!"

"கத்தாதேக்கா, இன்னும் அவனை விரட்டல. கணினி போட்டதும் தானா கிளம்புற புரோகிராம் லிஸ்டைத் திற. இன்னைக்குப் புதுசா சேர்ந்தது எது?"

பிளேயர் என்ற வேஷத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. காப்பியடித்த மாணவனைக் காதைப் பிடித்துத் தூக்கும் ஆவேசத்தோடு டீச்சர் அதை நிறுத்தி, அது குடியிருந்த இடத்தைத் தேடிப் போய் அழித்தார். வழக்கமான முறையில் மறுபடி போட்டபோது முத்திரை வரவில்லை. அதன் பிறகும் தங்கை விடவில்லை. கணினி முழுதாக எழும் முன்பே சோதிக்கும் ஆன்டிவைரஸின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிட்டு, ஒளிந்திருந்த கூட்டாளியையும் பிடித்தார்கள். பாஸ்வேர்டுகளை எல்லாம் கணினியில் இல்லாமல் செல்போனிலிருந்தே மாற்றச் சொன்னாள்.

"இனிமே ஏதாவது பக்கம் அப்டேட் பண்ணுன்னா அங்கேயே அமுக்காதே. அந்த புரோகிராமோட சொந்த இடத்துல போய்ப் பாரு. முக்கியமான ஃபைலுக்கு வெளியில ஒரு நகல் வை."

"இதையெல்லாம் எழுதி அனுப்பு," என்றார் டீச்சர். "அப்போதான் செய்வேன்."

காலையில் அறிவிப்புப் பலகையில் அட்டவணை தொங்கியது, வண்ணம் இல்லாமலே. மணி அடித்தது. ஒரு வாசலில் இரண்டு ஆசிரியர்கள் மோதிக்கொள்ளவில்லை, எந்த வகுப்பும் அநாதையாக நிற்கவில்லை. கண் மூடித் திறப்பதற்குள் வராந்தா காலியானது. டீச்சர் மட்டும் நடுவே இடுப்பில் கைவைத்து, கோட்டையைப் பிடித்தவர் மாதிரி நின்றார். அவருக்கு முதல் பீரியட் ஓய்வு. இத்தனை பேருக்கு நியாயம் வழங்கியவர் தனக்கும் கொஞ்சம் வழங்கிக்கொண்டிருந்தார்.